ஒரே ரகத்தை நம்பி முழுத் தோட்டத்தையும் மாத்தாதீங்க

"வல்லான் வகுத்ததே வாய்க்கால்"னு பெரியவங்க சொன்னதைத்தான் டார்வினும் சொன்னார்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. அந்தந்த இடத்துக்கும் காலத்துக்கும் எது பொருந்துதோ அது பெருகும். இன்னிக்குப் பொருந்தினது நாளைக்கும் பொருந்தும்னு உத்தரவாதம் கிடையாது.

ஏற்காட்டுல காப்பி வெச்சிருக்கிறவங்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலையைத் திருப்பிப் பாருங்க. ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தா அது இலைத்துரு, ஒரு பூஞ்சாணம். 1869-ல் இலங்கையில் தலைகாட்டின இந்த நோய், கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்த காப்பித் தொழிலைச் சாய்ச்சிருச்சு. தோட்டம் தோட்டமா தேயிலைக்கு மாறினாங்க.

1911-ல் மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர் துரு தாங்குற செடியைத் தேர்ந்தெடுத்தார். கென்ட்ஸ் ரகம் பரவுச்சு. பிறகு அதுக்கும் துரு வந்துச்சு. 1940-களில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் எஸ்.795 கொடுத்தது. அதுலயும் வந்துச்சு. 1980-களில் காவேரி. கதை அதேதான்.

செடி கெட்டுப்போகலை, துருதான் மாறுச்சு. அந்தப் பொடியில கோடிக்கணக்கான வித்துகள் இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. புது ரகத்து மேல விழுந்ததுல முக்கால்வாசி செத்துடும். தற்செயலா வேற மாதிரி இருக்கிற ஒண்ணு ரெண்டு மட்டும் பிழைக்கும். போட்டிக்கு ஆளில்லாததால அதோட வாரிசுதான் மலை முழுக்கப் பரவும். நாம செடியைப் பொறுக்கி எடுக்கிறோம். நம்ம செடி துருவைப் பொறுக்கி எடுக்குது.

அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி. அதனால ஒரு ரகத்துச் செடிகள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒண்ணு விழுந்தா அத்தனையும் விழும்.

இப்போ நல்ல விலை கிடைக்குதுன்னு பழைய செடியைப் பூராப் பிடுங்கிட்டு, 2007-ல் வந்த சந்திரகிரி மட்டும் நடலாம்னு பேச்சு ஓடுது. நல்ல ரகம்தான், நடுங்க. ஆனா பாதிக்கு மேல வேண்டாம். கலந்து நட்டா பழம் ஒரே சமயத்துல பழுக்காது, பறிக்கிற கூலி கூடும்னு சொல்றாங்க. உண்மைதான். அது வருஷா வருஷம் கட்டுற சின்னச் செலவு. மொத்தமாத் துருப்பிடிச்சா கட்ட வேண்டியது பெருசு.

வருஷக்கணக்கா துருவையும் தாங்கிக் காய்க்கிற கிழட்டுச் செடி ஒண்ணு உங்க தோட்டத்துல இருந்தா, வெட்டாதீங்க. விதை எடுத்து வைங்க.