சொட்டுகிற குழாய்க்கு என்ன வழி?

குளியலறைக் குழாய் சொட்டினால் "புதுசா மாத்திடுங்க"ன்னு சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் சொல்வது, முதலில் வாஷரை மாத்துங்க.

எங்க வீட்டில் ராத்திரி 10 மணிக்கு சொட்டுற குழாய்க்குக் கீழே பக்கெட் வச்சேன். காலையில் 6 மணிக்கு அளந்தால் 7 லிட்டர்! அப்போ ஒரு நாளைக்கு 21 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த சென்னையில்தான் இந்தக் கூத்து.

திருகுற குழாய்க்குள்ளே ஒரு சின்ன வாஷர் இருக்கும். அது தேய்ந்தால்தான் சொட்டும். சொட்டுதேன்னு நாம இறுக்க இறுக்க, அது இன்னும் நசுங்கும். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிட்டு, ஸ்பானரால் குழாயின் தலையைக் கழட்டி, பழைய வாஷரைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. எனக்கு அரை மணி நேரம்கூட ஆகலை.

அப்படியும் சொட்டுதா? வாஷர் உட்காருற இடமே அரிச்சுப் போயிருக்கலாம். அப்போ குழாயையே மாத்துங்க, தப்பில்லை. ஆனா சில ரூபாய் வாஷருக்காக முழுக் குழாயையும் தூக்கிப் போடுறது அநியாயம்தானே?

நம்பலைன்னா இன்னைக்கு ராத்திரி நீங்களும் ஒரு பக்கெட் வச்சுப் பாருங்க.