உண்ண மறுக்கும் பிள்ளையும் மொழி அறியாத தாயும்

சென்ற மாதம் இப்பகுதியில் பள்ளிச் சேர்க்கை பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப் புகுந்த விஷயம் அத்துணை எளிதன்று. வீட்டுக்குள்ளேயே நடப்பது; வெளியே சொல்ல நா எழாதது. ஆயினும் தில்லிக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் நடப்பதை நாமே எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?

என் தமக்கையின் மகளுக்கு வயது 15. சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பின் அவளது உணவு படிப்படியாகக் குறைந்தது. "வயிறு நிறைந்துவிட்டது, மாமா" என்பாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய சோற்றைத் தோழியருக்குக் கொடுத்துவிடுவாள். இரவில் அக்காளின் கட்டாயத்துக்காக உண்டாலும், உடனே குளியலறைக்குச் சென்று குழாயைத் திறந்து விடுவாள். ஐந்து மாதங்களில் 46 கிலோ எடை 37 ஆயிற்று. முடி உதிர்ந்தது; மாதவிலக்கு நின்றது; சித்திரை வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் செய்தது என்ன? வயிற்று வைத்தியர் மூவரிடம் காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்றார்கள். மலை மந்திரில் வேண்டிக்கொண்டோம். திருஷ்டி கழித்தோம். இறுதியில், "எல்லாம் பிடிவாதம்" என்று அப்பெண்ணையே ஏசினோம். ஏசியவர்களில் நானும் ஒருவன். அதை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கிறது.

இது பிடிவாதமன்று, நோய் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். புதிய நோயுமன்று. 1873-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் கல் என்பவரும், பாரிஸில் சார்லஸ் லசேக் என்பவரும் இதைத் தனித்தனியே விவரித்துள்ளனர். அனோரெக்ஸியா நெர்வோசா என்பது இதன் பெயர். அளவின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் வகையை ஜெரால்டு ரஸ்ஸல் என்பவர் 1979-இல் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டு விளக்கினார்.

"பருமனாகிவிடுவோம் என்ற அச்சமே இந்நோயின் அடையாளம்" என்று மேல்நாட்டு நூல்கள் கூறும். நம் பெண்களோ பல சமயம் அவ்வாறு சொல்வதில்லை. நம் தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.கே. கண்டேல்வாலும் வேறு இருவரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஐந்து இளம்பெண்களின் வரலாறு காணப்படுகிறது. உண்ண மறுத்தல், ஓயாத வாந்தி, எடைக் குறைவு, மாதவிலக்கு நிற்றல் ஆகியவை அவர்களிடம் இருந்தன. தம் உடல் பருத்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் மேல்நாட்டார் சொல்லும் வகையில் காணப்படவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2007-இல் வெளிவந்த ஆய்விலும், உணவு தொடர்பான மனநோயுற்ற சிறுவர் சிறுமியரிடம் மன உளைச்சலால் வரும் வாந்தியே மிகுதியாகக் காணப்பட்டது. "இவள் ஒல்லியாக வேண்டும் என்று சொல்லவில்லையே, ஆகவே அந்த நோயாக இராது" என்று எண்ணி நாம் வயிற்று வைத்தியரையே சுற்றி வருவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு செய்தி. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், நல்ல உடலும் மனமும் வாய்ந்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். அவர்கள் தாமே இசைந்து வந்தவர்கள். ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்த அவர்கள் இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள், சிடுசிடுத்தார்கள், மனம் சோர்ந்தார்கள். பட்டினியே மனத்தைத் திரித்துவிடும் என்பது இதனால் விளங்கும். மெலிந்து கிடக்கும் பிள்ளையிடம் வாதாடிப் பயனில்லை.

நிற்க. இத்தகைய பிள்ளை வீட்டிலிருந்தால் யாரிடம் செல்வது? எங்கள் அலைச்சல் மற்றவர்க்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி உடலுக்கு. பொது மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ சென்று எடை, நாடி, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள பொட்டாசியம், இருதய வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லவேண்டும். ஓயாத வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இருதயமே தடுமாறும். மயக்கம், மிகத் தளர்ந்த நாடி, நெஞ்சுப் படபடப்பு, நீரும் இறங்காத நிலை, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குத் திடீரென நிறைய உணவு புகட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும். உணவை எவ்வளவில் தொடங்குவது, எவ்வாறு கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்லவேண்டும்.

இரண்டாம் படி மனத்துக்கு. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மருந்து எழுதும் உரிமை உடையவர். பேசிக் குணப்படுத்தும் மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். சில வாரப் பயிற்சியுடன் பலகை மாட்டியவரும் நகரில் உளர். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, தில்ஷாத் கார்டனிலுள்ள இஹ்பாஸ் ஆகிய அரசு நிலையங்களில் மனநலப் பிரிவுகள் உள்ளன. செலவு குறைவு, காத்திருப்பு மிகுதி. மத்திய அரசு ஊழியர்கள் தங்கள் சுகாதாரத் திட்ட மருந்தகத்தின் வழியாகவும், என்போன்ற ரயில்வே ஊழியர்கள் ரயில்வே மருத்துவமனை வழியாகவும் சீட்டுப் பெறலாம்.

முதற் சந்திப்பிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள். உணவு நோயுற்றவர்களுக்கு முன்னர் வைத்தியம் செய்திருக்கிறீர்களா? எந்த முறை, எத்தனை அமர்வுகள்? எடையையும் இரத்தத்தையும் யார் கவனிப்பார்? பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுவீர்களா? ஒரு வாரத்தில் குணம் என்று சொல்பவரிடமும், உணவுப் பட்டியல் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்புபவரிடமும் மறுமுறை செல்லவேண்டாம்.

நான்காம் கேள்வியே எங்கள் கதையின் மையம். வளரும் பிள்ளைகளுக்குக் குடும்பத்தையே துணையாகக் கொள்ளும் சிகிச்சை சிறந்தது என்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் வழிவந்தோர் கண்டனர். பெற்றோரைக் குற்றவாளியாக்காமல், முதலில் உணவுப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து, பிள்ளை தேறத் தேற அதைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது இதன் முறை. அப்படியாயின் வைத்தியர் முதலில் பேசவேண்டியது யாருடன்? அடுப்படியில் நிற்கும் தாயுடன். அந்தத் தாய்க்கோ கடைத்தெரு இந்திக்கு மேல் தெரியாது!

அத்தானுக்கு வேலையில் விடுப்பு இல்லை. அக்காளும் மகளுமே ஓர் ஆலோசகரிடம் ஆறு வாரம் சென்று வந்தார்கள். பலன் இல்லை. ஏழாம் வாரம் நான் உடன் சென்றேன். அக்காள் தமிழில், "ராத்திரி தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கிறாள், குழாய்ச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வருவதில்லை" என்றாள். அதைப் பெண் இந்தியில், "நான் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மா கவலைப்படுகிறாள்" என்று சொன்னாள். ஆலோசகர் தலையசைத்து எழுதிக்கொண்டார். ஆறு வாரமாக நடந்தது இதுதான். நோயே மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறது. அப்பெண்ணைக் குறை கூறேன். தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர் என்று 15 வயதுப் பிள்ளையிடம் கேட்டது பெரியவர்களாகிய எங்கள் தவறு.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நோயுற்ற பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தந்தையோ, தாய்மாமனோ, சித்தியோ ஒருவர் விடுப்பெடுத்து உடன் செல்லுங்கள். இயலாவிடில் தமிழ் அறிந்த உளவியலாளரைத் தேடுங்கள். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம். எடையையும் இரத்தத்தையும் பார்க்க மட்டும் இங்கே ஒரு மருத்துவர் இருத்தல் வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

"வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் எப்படி வரும்?" என்று அக்காள் அழுதாள். நம் வீடுகளில் எழும் அச்சம் இது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்தியை இரகசியமாய்க் காக்கக் கடமைப்படுத்துகிறது. உடல் நோய்க்குரிய அடிப்படையிலேயே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டத்தைக் காட்டிலும் ஒன்று சொன்னேன்: "அக்கா, வரன் பார்க்கப் பெண் உயிரோடு இருக்கவேண்டும்."

இப்போது வேறொரு உளவியலாளரிடம் செல்கிறோம். நானோ அத்தானோ உடன் இருக்கிறோம். அக்காள் தமிழில் பேசுகிறாள். பேசியது பேசியபடியே அவர் காதுக்குப் போகிறது. எட்டு மாதங்கள் ஆயின. எடை 43 கிலோ. முழுவதும் குணமாயிற்று என்று எழுதமாட்டேன். இரண்டு முறை வழுக்கியும் விழுந்தோம். சென்ற ஞாயிறு அங்கே சென்றிருந்தபோது அக்காள் இரண்டாவது தோசையைத் தட்டில் இட்டாள். பெண் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு உண்டாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளது சம்மதத்துடனேயே இதை எழுதினேன். நம் சங்கத்தில் இந்தியும் தமிழும் நன்கறிந்த பெண்மணிகள் பலர் உளர். மாதத்தில் ஒரு மணி நேரம், வாயைக் கட்டி இரகசியம் காத்து, ஒரு தாய்க்காக மருத்துவமனையில் அமர்ந்து மொழிபெயர்க்க முன்வருவோர் உண்டாயின் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அத்தகைய ஒருவர் எங்களுக்கு முன்னமே கிடைத்திருந்தால் அந்த ஆறு வாரம் வீணாகியிராது.