நொச்சி மாலை

போரையும் இலக்கணமாக வகுத்த நம் பண்டையோர் தாக்குவோனுக்கு மட்டும் பூச்சூட்டி அமைந்தாரல்லர். பகைவனது மதிலை முற்றுகையிடுவோன் உழிஞை சூடுவான். அம்மதிலின் உள்ளிருந்து அதனைக் காப்போன் நொச்சி சூடுவான். தொல்காப்பியனார் மதில்காத்தலையும் உழிஞையுள்ளே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையுடையாரோ அதனைப் பிரித்தெடுத்து, நொச்சி எனத் தனித்திணையாகவே வைத்தார். காத்தலும் ஒரு வீரம். அதற்கும் தனியே ஒரு மாலை உண்டு என்பதே இப்பிரிவினையால் நாம் அறியக் கிடப்பது.

இதனை வகுப்பறையிற் கற்கும் நாம், மாலையில் விளையாட்டு வெளியை அடைந்ததும் அடியோடு மறந்துவிடுகின்றோம். சென்ற ஆண்டில் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தை நண்பர் பலர் மறந்திரார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் நம் கோல் காவலரின் கைக்குள் வந்த பந்து நழுவி வலைக்குட் சென்றது. அதற்கு முன்னர் அவர் தடுத்த பந்துகள் எத்தனை என்று எண்ணியவர் ஒருவரும் இலர். நழுவிய அந்த ஒன்றை மட்டும் எல்லோரும் எண்ணினோம். அன்று வசைமொழி கூறிய கூட்டத்தில் யாமும் நின்றோம். எம் குரலும் அவர் செவியில் விழுந்திருக்கும். அந்நண்பர் அன்று முதல் விளையாட்டு வெளிக்கு வருவதில்லை. அந்த நாணமே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

காப்போனை ஒரு நாளிலே உயர்த்தி ஒரு நாளிலே தாழ்த்துதல் முறையன்று. அவனை முழுக்கணக்கால் அளத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. இதற்குச் சான்றாக ஸ்பெயின் தேசத்துக் கோல் காவலராய் விளங்கிப் பின்னர்ப் பயிற்றுநராய் அமர்ந்த ரிக்கார்டோ ஸமோரா என்பாரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

ஸமோரா 1901ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் பார்சிலோனா நகரிற் பிறந்தார். 1916இல், மீசை அரும்பும் பருவத்திலேயே, அந்நகரத்து எஸ்பான்யோல் கழகத்தின் கோலைக் காக்கத் தொடங்கினார். இடையில் மூன்றாண்டு பார்சிலோனாக் கழகத்திற்கும் ஆடிப் பின் பழைய கழகத்திற்கே மீண்டார். 1920இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரை நடுவாகக் கொண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தபோது, ஸ்பெயின் நாட்டுக் குழு முதன்முறையாகப் பிறநாட்டாரோடு பொருதது. டென்மார்க்கை 1–0 என வென்ற அம்முதல் ஆட்டத்திலேயே பத்தொன்பது வயதினரான ஸமோரா கோலின்முன் நின்றார். அக்குழு வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. அதே பந்தயங்களில் இத்தாலியரோடு ஆடுகையில் எதிரணி வீரர் ஒருவரைத் தாக்கியதற்காக அவர் வெளியேற்றப்பட்டார் என்பதையும் யாம் மறைக்கவில்லை. முழுக்கணக்கு வேண்டும் என்போர் பற்றுப் பக்கத்தையும் எழுதியே தீரவேண்டும்.

அந்நாட்டு மக்கள் அவருக்கு இட்ட பெயர் ‘எல் டிவினோ’ என்பது. ‘தெய்விகர்’ என்று அதற்குப் பொருள். மனிதனை மனிதன் இப்பெயரால் அழைத்தல் எமக்கு உடன்பாடன்று. அது சமயம் பற்றி மட்டும் கூறுவதன்று; தெய்வமென்று ஏற்றியவனிடத்தில் ஒரு தவற்றையும் பொறுக்க உலகம் இசையாது. ஆதலின் அத்தகைய புகழே அவனுக்கு ஒரு கண்ணியாக முடியும். இதனை இரண்டு ஆட்டங்கள் தெளிவாக்கும்.

1929ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்துக் குழு மாட்ரிட் நகரிற்கு வந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்குப் புறத்தேயுள்ள எந்த நாட்டாரிடமும் அக்குழு அதுகாறும் தோற்றதில்லை. அன்று ஸ்பெயின் 4–3 என வென்றது. ஸமோரா மார்பெலும்பு முறிந்த நிலையிலும் இறுதிவரை நின்று ஆடினார் என்பர். நாடே அவரைக் கொண்டாடியது. இரண்டாண்டு கழிந்து 1931ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், லண்டன் நகரத்து ஹைபரி மைதானத்தில் அதே இரு நாட்டாரும் மீண்டும் எதிர்ப்பட்டனர். இம்முறை இங்கிலாந்து 7–1 என வென்றது. உலகிற் சிறந்த காவலர் என்று கேள்வியுற்று அவரைக் காணத் திரண்டவர் கண்முன்னரே பந்து ஏழுமுறை வலைக்குட் சென்றது.

இவ்விரு நாட்களுள் எந்த நாளைக்கொண்டு அவரை மதிப்பது? அன்பர்காள், கணக்கைச் சற்று நோக்குவோம். ஸமோரா தம் நாட்டிற்காக ஆடிய ஆட்டங்கள் 46. அவற்றுள் அவர் விட்ட கோல்கள் 42. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றினும் குறைவு. அந்நாற்பத்திரண்டில் ஆறிலொரு கூறு ஹைபரியில் ஒரு மாலைப்பொழுதிற்குள் விடப்பட்டது! அந்த ஒரு நாளை மட்டும் கண்டவர் அவரைக் கையாலாகாதவர் என்பர். எஞ்சிய நாற்பத்தைந்து ஆட்டங்களில் அவர் விட்டவை முப்பத்தைந்தே. ஹைபரியில் தோற்ற அதே பருவத்தில், 1931–32இல், அவர் காத்த மாட்ரிட் கழகம் ஸ்பானிய லீக் போட்டியில் பதினெட்டு ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாது முதன்முறையாக வாகை சூடியது. அப்பதினெட்டு ஆட்டங்களிலும் அக்கழகம் விட்ட கோல்கள் பதினைந்தே என்பதும் இங்கே கருதத்தக்கது. ஒரே மனிதர், ஒரே பருவம், ஒருபுறம் ஏழு, மற்றொருபுறம் இவ்வெற்றி. எது மெய்யான ஸமோரா? இரண்டுமே.

1934இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராக அவர் ஒரு தண்டனை உதையைத் தடுத்தார். அடுத்து மே 31ஆம் நாள் பிளாரன்ஸ் நகரில் இத்தாலியரோடு ஸ்பெயின் மிகைநேரமும் ஆடி 1–1 எனச் சமனாக நின்றது. முடிவு காண மறுநாளே மீண்டும் ஆடவேண்டியதாயிற்று. முதல்நாட் போரிற் காயமுற்ற ஸமோரா மறுநாள் களம் புகவில்லை. ஸ்பெயின் 1–0 எனத் தோற்றது. காவலனின் அருமை அவன் நின்றபோது தோன்றாது, இல்லாதபோது தோன்றும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவரது கடைசிப் பெரும் ஆட்டம் 1936ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் வலென்சியா நகரில் நிகழ்ந்தது. ஸ்பானியக் கோப்பைக்காக மாட்ரிட் கழகமும் பார்சிலோனாக் கழகமும் எதிர்நின்றன. மாட்ரிட் 2–1 என முந்திநிற்க, ஆட்டம் முடியுந் தறுவாயில் எஸ்கோலா என்பார் அண்மையிலிருந்து உதைத்த பந்து கோலின் மூலையை நோக்கி விரைந்தது. புழுதி எழ ஸமோரா பாய்ந்து வீழ்ந்தார். கோல் என்று கருதி ஒரு பகுதியார் ஆர்ப்பரித்தனர். புழுதி அடங்கிய பின்னரே பந்து அவர் கையில் இருப்பதைக் கண்டனர். கோப்பை மாட்ரிட் கழகத்தார்க்கு ஆயிற்று.

அந்த ஆர்ப்பொலி அடங்கி ஒரு மாதமும் ஆகவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஸமோரா மாட்ரிட்டில் குடியரசுக் கட்சிப் படையினராற் பிடிக்கப்பட்டுச் சிறையில் இடப்பட்டார். அவர் கொல்லப்பட்டார் என்ற செய்தி எதிர்க்கட்சியார் பக்கம் பரவிற்று. உயிரோடிருப்பவருக்கு இரங்கலும் கூறப்பட்டது. அர்ஜெண்டினா நாட்டுத் தூதரகத்தாரின் உதவியால் விடுதலையுற்றுப் பிரான்சு சென்று, நீஸ் நகரத்துக் கழகத்திற் சிலகாலம் ஆடினார். இங்கே ஒன்று நினைக்கத்தக்கது. முன்னர்க் குடியரசு அவருக்கு விருது அளித்திருந்தது. அக்குடியரசை வீழ்த்திய பிராங்கோவின் ஆட்சியும் பிற்காலத்தில் விருது அளித்தது. இரு திறத்தாரும் அவரது பெயரை வேண்டினர். புகழ்பெற்றோன் பிறர் ஏந்தும் கொடியாகிவிடுகிறான். கொடியை ஏந்துவோர் அதன் துணி கிழிவதைப் பற்றிக் கவலுவதில்லை.

போர் 1939இல் முடிந்தது. மாட்ரிட்டின் அத்லெடிக் கழகம் தன் வீரர் பலரைப் போரில் இழந்து, விமானப் படையினரின் குழுவோடு ஒன்றுபட்டு, ‘அத்லெடிக் அவியாசியோன்’ என்னும் பெயர் பூண்டது. அதன் பயிற்றுநர் பொறுப்பை ஸமோரா ஏற்றார். பதினொருவருள் பத்துப்பேர் பந்தைத் தொடர்ந்து ஓடுவர். காவலன் ஒருவனே நின்ற இடத்தினின்று ஆடுகளம் முழுதையும் தன் முகத்தெதிரே காண்பவன். யாவர் பின்தங்கினர், எவ்விடம் வெற்றிடமாயிற்று என்பதை அவன் பிறர்க்கு முன்னரே அறிவான். ஆதலின் அவன் பயிற்றுநனாதல் நெடுவழிப் பயணமன்று. பயிற்றுநனும் ஒருவகையிற் காவலனே. பந்தைத் தொடாமலே பழியைத் தாங்குவது அவன் தொழில்.

1939–40ஆம் பருவத்து லீக் போட்டியில் இருபத்திரண்டு ஆட்டங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளியும் சமனுக்கு ஒரு புள்ளியும் அக்கால வழக்கு. முடிவில் ஸமோராவின் குழு 29 புள்ளி பெற்றது. அடுத்து நின்ற செவில்லா 28. அக்கழகம் லீக் வாகை சூடியது அதுவே முதன்முறை. அந்த ஒரு புள்ளி எத்தகையது? சமனாக நிற்கும் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தடுக்கப்பட்ட ஒரே ஒரு பந்தின் எடை அது. கோல் அடித்தவர் பெயர் நாளிதழில் வரும். தடுக்கப்பட்ட அப்பந்து எவ்வேட்டிலும் வாராது. ஆயினும் வாகை அதன்மேல் நின்றது. மறுபருவமும் அக்குழுவே வென்றது. பின்னர் அவர் செல்தா, மாலகா, எஸ்பான்யோல் முதலிய கழகங்களையும், 1952இற் சிறிதுகாலம் நாட்டுக் குழுவையும் பயிற்றினார். எல்லாவிடத்தும் வென்றாரல்லர். 1948இல் செல்தாக் கழகத்தைக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்று, ஆங்கே செவில்லாவிடம் 4–1 எனத் தோற்றார். அதுவும் கணக்கில் ஏறவேண்டியதே.

இனி ஒரு தடை நிகழும். ‘தடுத்தலால் மட்டும் வெற்றி வருமோ? எத்துணை வல்ல காவலனும் 0–0 என்பதற்குமேல் ஈட்டித் தர இயலாதே. ஆகவே கோல் அடிப்போனையே தோளிற் சுமப்பது தகுதியன்றோ?’ என்பர். உண்மையே. உழிஞையாரின்றி நாடு விரியாது. அடிப்போனைச் சுமப்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அடிப்போன் பத்து முறை குறிதவறி ஒருமுறை அடித்தால் அந்த ஒன்றை எண்ணுகிறோம். காப்போன் பத்து முறை தடுத்து ஒருமுறை விட்டாலும் அந்த ஒன்றையே எண்ணுகிறோம். ஒருவனுக்கு வரவு மட்டும், மற்றொருவனுக்குச் செலவு மட்டும் எழுதும் கணக்கர் நேர்மையாளர் ஆவரோ? இதுவே எமது வழக்கு.

இவ்வழக்கிற்கு ஸ்பெயின் நாட்டார் ஒருவகையில் தீர்ப்பளித்துள்ளனர். ‘மார்க்கா’ என்னும் விளையாட்டு நாளிதழார் ஸமோராவின் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தினர். லீக் போட்டியில் விட்ட கோல்களை ஆடிய ஆட்டங்களால் வகுத்து, ஈவு எவருக்கு மிகக் குறைவோ அக்காவலருக்கே அது உரியது. அதன் நுட்பத்தை நோக்குமின்! அது ஒரு நாளை அளப்பதன்று. பருவம் முழுவதையும் அளப்பது. ஒன்றையும் விடாதவருக்கு என்று அதனை வைத்தாரல்லர்; அத்தகையோர் உலகில் இலர். குறைவாக விட்டவருக்கு என்றே வைத்தனர். வெற்றி பெறுவோனின் தோல்விகளும் விருதின் கணக்கிலேயே எழுதப்பட்டுள்ளன. ஸமோரா 1978ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், பிறந்த நகராகிய பார்சிலோனாவிலேயே மறைந்தார். அவர் இட்ட நொச்சி மாலை ஆண்டுதோறும் இன்னொரு காவலர் கழுத்திற்கு ஏறுகின்றது.

இக்கணக்கு கால்பந்தோடு அமைவதன்று. ஒரு தேர்வில் தவறிய மாணவனையும், ஒரு மேடையில் நாத்தடுமாறிய பேச்சாளனையும் அந்த ஒரு நாளின் பெயரால் நாம் ஆண்டு முழுவதும் அழைக்கின்றோம். ஏழு கோல் விட்ட நாளன்றும் அவர் ஸமோராவே என்பதை நினைவிற் கொள்வோமாயின், நம் நா சற்றே அடங்கும்.

நம் கல்லூரிக் கோலின் கம்பங்கள் இவ்வாண்டும் அதே இடத்தில் நிற்கின்றன. விடுதியில் எமக்கு நான்காம் அறையில் வாழும் அந்நண்பரிடம், அன்று கூட்டத்தில் நின்று கூறியதற்காக, நேரிற் சென்று பொறுத்தருள வேண்டுவோம். அவர் மீண்டும் அக்கம்பங்களுக்கிடையே நிற்பாராயின், முதற் கைதட்டல் எம்முடையதாகும். இதனை வாசிக்கும் அன்பர்களும் உடன் வருக.