கொழும்பு உள்ளே விட்டது, டெல்லி விடலை!

2013 நவம்பர் ஞாபகம் இருக்கா மக்களே? சேனல் 4-ல இறுதிப்போர் காட்சிகளைக் காட்டின, 'நோ ஃபயர் ஸோன்' எடுத்த கேலம் மக்ரே, காமன்வெல்த் மாநாட்டுக்குக் கொழும்பு போனார். அவர் கிளிநொச்சிக்குப் போன ரயிலை அனுராதபுரத்துல கூட்டம் கூடி மறிச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. அயோக்கியத்தனம்தான். ஆனா நாட்டுக்குள்ள விட்டாங்களே! அதே மாசம் அந்தப் படத்தை டெல்லியில திரையிட வர விசா கேட்டார். நம்ம அரசு கொடுக்கலை.

அடுத்த மாசமே தமிழ்நாட்டுப் பத்திரிகையாளர் மகா. தமிழ்ப் பிரபாகரனைக் கிளிநொச்சிப் பக்கம் பிடிச்சு, சுற்றுலா விசாவுல வந்து செய்தி சேகரிச்சார்னு திருப்பி அனுப்புச்சு இலங்கை. நாம கொதிச்சோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனா சாமி, இங்கேயும் அதே சட்டம்தானே?

எங்க வாலாஜாபாத் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் சுற்றுலா வந்து பட்டுத்தறியை வீடியோ எடுத்தா, டீ வாங்கிக் கொடுப்போம். அதே ஆள் நிருபரா வந்து, "ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு?"ன்னு கேக்கணும்னா ஜே விசா வேணும். ஜரிகையைக் காட்டலாம், கூலியைக் கேக்கக்கூடாது. நல்லா இருக்கு நியாயம்!

2021 மார்ச்ல இன்னும் இறுக்கினாங்க. ஓசிஐ அட்டை இருந்தாலும் பத்திரிகை வேலைக்குத் தனி அனுமதி வாங்கணும். (மலையேறவும்தான். என்ன பொருத்தமோ!) இருபது வருஷத்துக்கு மேல இங்கேயே இருந்த பிரெஞ்சு நிருபர் வனேசா டூனியாக்குக்கு 2022-ல அனுமதி மறுத்தாங்க. 2024 ஜனவரியில ஓசிஐயை ரத்து பண்ணுவோம்னு நோட்டீஸ், பிப்ரவரியில கிளம்பிட்டார். 13 வருஷம் இங்கிருந்து எழுதின செபாஸ்டியன் ஃபார்சிஸும் அனுமதி கிடைக்காம அதே ஜூன்ல போயிட்டார்.

"எந்த நாடுதான் கண்டவனையும் விடும்?"னு வருவீங்க. சரி, விடாதீங்க. ஏன் விடலைன்னு எழுத்துல கொடுங்க. எத்தனை நாள்ல பதில்னு சொல்லுங்க. மேல்முறையீடு எங்கேன்னு காட்டுங்க. ரேஷன் கார்டு மனுவுக்கே ரசீது தர்றாங்கப்பா!

அமெரிக்காவும் யோக்கியம் இல்லை. 2025 ஆகஸ்ட்ல நிருபர் விசாவை 240 நாளா சுருக்கணும்னு முன்மொழிஞ்சாங்க, சீனர்களுக்கு 90 நாள். ஆனா அவங்க அதை வரைவா வெளியிட்டு, கருத்து கேட்டாங்க. டெல்லியில கதவைச் சாத்தின சத்தம்கூட வெளியே கேக்காது.

தமிழ்நாட்டுல இருந்து 39 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கோம். இலங்கைக் கடற்படையைப் பத்திப் பேசற வாயால, மக்ரேவுக்கு ஏன் விசா தரலைன்னு இன்னைக்காவது ஒருத்தர் கேக்கட்டும்.