தானாகப் போன மரப்பும் பேர் வாங்கிய வைத்தியமும்

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் இளம்பெண்ணுக்குக் கால் மரத்துப்போனால் காரணம் தயாராக இருக்கும்: "பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுறால்ல, மருந்துச் சூடு நரம்புல ஏறிருச்சு." நரம்புத் தளர்ச்சி என்று பெயரும் வைத்துவிடுவார்கள். சத்து ஊசி, எண்ணெய்த் தேய்ப்பு, மந்திரித்த கயிறு என்று வரிசையாக நடக்கும். நாலைந்து வாரத்தில் மரப்பு போய்விடும். ஊசிக்காரர், எண்ணெய்க்காரர், கயிறு கட்டியவர் மூவருக்கும் நல்ல பேர்.

அந்தப் பேரில் ஒரு பங்குகூட அவர்களுக்குச் சேராது. அந்த மரப்பு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், அதாவது தண்டுவட மரப்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம்; அது நூற்றில் 85 பேருக்கு வந்து வந்து போகும் நோயாகவே தொடங்குகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை அரிக்கின்றன. வீக்கம் வடிந்ததும் கால் பெரும்பாலும் பழையபடி நடக்கும். ஒரு மாத்திரையும் போடாமல் இருந்தாலும் நடக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உள்ளே தழும்பு நின்றுவிடுகிறது. அடுத்த முறை கண் மங்கலாம், அதற்கடுத்து நடை தடுமாறலாம்.

சூட்டுப் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. உடல் சூடேறினால் பழைய பாதிப்பு தற்காலிகமாகத் தலைகாட்டும் என்பதை ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே பதிவு செய்தார். காற்றாடி இல்லாத அறையில் சித்திரை மதியம் பார்வை மங்குகிறது. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் தெளிகிறது. "பாத்தியா, சூடுதான்!" சூடு நோயைக் காட்டிக்கொடுத்ததே ஒழிய உண்டாக்கவில்லை. வெடிமருந்து இந்த நோயைத் தருகிறது என்பதற்கும் சான்றில்லை. (தோலுக்கும் மூச்சுக்கும் அது செய்யும் கேட்டுக்கு முதலாளிகள் பதில் சொல்லட்டும், அது தனிக் கணக்கு.) ஆபீஸ் வாசலை மிதிக்காத டீச்சருக்கும் இது வருகிறது.

படித்தவர்களின் பதிப்பு வேறு: வெயில் ஊரில் இது வராது, வெள்ளைக்காரன் வியாதி. இங்கே குறைவு என்பது சரி, இல்லை என்பது பொய். மங்களூரில் கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும்; ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு கூடுவதை, ஒரு கோடி அமெரிக்கப் படையினரின் பதிவுகளை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுவதுதான். அதோடு மரபு, வைட்டமின் டி குறைவு, புகை, இளவயதுப் பருமன் போன்றவையும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

மரப்பு பி12 குறைவாலும் வரும். அதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஊசி போட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு மேல் நிற்கும் மரப்புக்கும், வலியோடு மங்கும் ஒற்றைக் கண்ணுக்கும் நரம்பியல் மருத்துவரும் எம்ஆர்ஐயும் வேண்டும். தாக்குதலின்போது ஏற்றும் ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்தும், அவ்வளவே. அடுத்த தாக்குதலைக் குறைப்பவை வேறு: 1993 முதல் இன்டர்ஃபெரான், பின்னர் மாத்திரைகள், விலை கருதி நம் நாட்டில் பரவலாகத் தரப்படும் ரிடுக்சிமாப். முழுக் குணம் கிடையாது. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் சக்கர நாற்காலியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், தவிர்க்கவும் செய்யலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தமிழக அரசு இதற்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. நரம்புத் தளர்ச்சி என்று எழுதிய சீட்டைக் காட்டினால் அந்தப் பணம் வராது.