முகத்தில் உருளும் ஊசி. முகவரி இல்லாத கடை!

செஞ்சிக்குப் பக்கத்தில், ரங்கநாதர் பள்ளிகொண்ட சிங்கவரம் மலையடிவாரம் வரைக்கும் இப்போது பார்சல் வருகிறது. செல்போனில் பட்டனைத் தட்டினால் சில நாளில் வாசலில் வந்து கூப்பிடுகிறார்கள். புடவை வரட்டும், குக்கர் வரட்டும். ஊசியும் வருகிறதே, அதுதான் கவலை!

"டெர்மா ரோலர்" என்று பெயர். கையடக்கமான ஒரு பிடி. அதன் முனையில் சின்ன உருளை. உருளை முழுக்க நூற்றுக்கணக்கான குட்டி ஊசிகள். பருத் தழும்பு மறையும், வழுக்கையில் முடி முளைக்கும் என்று விளம்பரம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் மட்டுமல்ல, ஆம்பிளைப் பிள்ளைகளும் வாங்கி உருட்டுகிறார்கள்.

தோல் டாக்டர்கள் தழும்புக்குச் செய்கிற வைத்தியம்தான் இது. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஊசி என்றால் ஊசிதான். தோலில் ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியாக எது வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கி நகரில், லைசென்ஸ் இல்லாத ஒரு அழகு நிலையம். வாடிக்கையாளரின் ரத்தத்தையே எடுத்து, ஊசி குத்தி முகத்தில் ஏற்றுவார்கள். 2018-ல் அங்கே போய் வந்த ஒரு பெண்ணுக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தது. அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்த்தால், பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள்! சாப்பாட்டுப் பொருள் வைத்த பிரிட்ஜிலும் ரத்தம்! ஒருமுறை உபயோகித்து எறிய வேண்டியதைத் திரும்ப உபயோகித்திருக்கிறார்கள். ஊசியை நீராவியில் அவிக்கும் கருவியே கிடையாது. வாடிக்கையாளர் 4 பேர், அவர்களில் ஒருவரின் துணை என்று மொத்தம் 5 பேருக்குக் கிருமி இருப்பதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிவித்தது. நிலையத்தை நடத்தியவருக்கு 2022-லேயே ஜெயில்.

அது ஒரு நிலையம், இது வீடு என்று சொல்லலாம். "அக்கா, உன் ரோலரைக் கொஞ்சம் குடு" என்று தங்கச்சி கேட்கிற வீட்டில் என்ன வித்தியாசம்? எச்.ஐ.வி. மட்டுமா, மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலவும் ரத்தம் வழியாகப் போகின்றன. சீப்பைக் கடன் கொடுத்தாலும் இதைக் கொடுக்கக் கூடாது.

சரி, யாரிடம் வாங்குவது? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முழு முகவரி, மாதம், வருடம், விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 2011-ம் வருட பாக்கெட் பொருள் விதி அது. ஆன்லைன் வியாபாரியும் தன் விலாசத்தைக் காட்டியே ஆக வேண்டும். "நூத்தம்பது ரூபா சாமானுக்குப் பில்லா?" என்று சிரிக்கிற கடையில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். உறை கிழிந்திருந்தால் வேண்டவே வேண்டாம். இன்னொரு மோசடியும் உண்டு. தனித்தனி ஊசி என்று சொல்லிவிட்டு, பல் வெட்டிய தகட்டு வளையங்களை அடுக்கி விற்கிறார்கள். இது குத்தாது, தோலைக் கிழிக்கும்.

வீட்டு உபயோகத்துக்கு கால் மில்லிமீட்டர் சுமார் உள்ள ஊசியே அதிகம். ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் டாக்டர் கை வேலை.

சுத்தம் செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாயடியில் காட்டிவிட்டுச் சட்டைத் துணியில் துடைப்பது சுத்தமல்ல. துணி இழை ஊசியில் மாட்டும். கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். முதலில் சோப்பு கலந்த வெந்நீரில் அலசி, ரத்தம், எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். அழுக்கு மேலே இருந்தால் மருந்து கீழே இறங்காது. பிறகு மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, மூடியுள்ள கிண்ணத்தில் 10 நிமிஷம் முக்கி வையுங்கள். 99 சதவீதம் இன்னும் ஜோர் என்று நினைக்காதீர்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியைக் கொல்லத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். காற்றில் உலரட்டும். அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், தீப்பிடிக்கும்! உபயோகிக்கும் முன்னும் பின்னும் இதே வேலைதான். இதைச் செய்தாலும் ஆஸ்பத்திரி நீராவிக்கு இது ஈடாகாது. அதனால்தான் ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது என்கிறது.

பழுத்த பரு மேல் உருட்டினால் சீழ் முகமெல்லாம் பரவும். உருட்டிய கையோடு எலுமிச்சைச் சாறு, வாசனை கிரீம் பூசுவதும் வினை. சர்க்கரை நோயாளிகள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது.

இதெல்லாம் ஜனங்கள் செய்ய வேண்டியது. அதிகாரிகள்? விலாசமில்லாத பாக்கெட்டைப் பிடிக்கும் அதிகாரம் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. தராசு முத்திரை பார்க்கக் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள், பக்கத்து பேன்சி ஸ்டோரில் தொங்கும் ஊசிப் பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாமே! ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் போன் போடலாம். பில் இருந்தால்தான் புகார் நிற்கும்.

ஊசி வளைந்த ரோலரை அப்படியே குப்பையில் வீசாதீர்கள். கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, மேலே "ஊசி" என்று எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலையில் அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர்.