நான்கு பேய்களும் நம் வகுப்பறையும்



கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிப்போர் நம்மில் பலர். அவர்தம் கவலையில் நியாயம் உண்டு. ஆயினும், பழைய விளையாட்டு ஒன்று நம் பாடத்திற்குப் பெரிதும் துணைசெய்யும் என்பது என் கருத்து.

1980ஆம் ஆண்டில் சப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்தது பாக்-மேன். மஞ்சள் உருவம் ஒன்று புதிர்வழியில் புள்ளிகளைத் தின்றவாறே ஓடும்; நான்கு பேய்கள் துரத்தும். விரைவில் வீட்டுக் கணினிகளுக்கும் அதன் சாயல்கள் வந்தன. 1982இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளிவந்த 'ஸ்னாப்பர்' அவற்றுள் ஒன்று. அக்கணினியின் 'பி' வகைக்கு நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே! இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது.

மூல விளையாட்டில் பேய்களுக்கு 'அறிவு' எங்கிருந்து வந்தது? விதிகளிலிருந்து. சிவப்புப் பேய் நம் இருப்பிடத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய், நாம் செல்லும் திசையில் 4 கட்டம் முன்னே குறிவைக்கும். நீலப் பேய், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும். செம்மஞ்சள் பேய் 8 கட்டத்திற்கு அப்பால் இருந்தால் துரத்தும்; நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும். ஆளுக்கொரு விதிதான், நான்கும் சேரும்போது கூடிப் பேசி வளைப்பதுபோல் தோன்றுகிறது.

2017 முதல் நம் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் கணினிசார் சிந்தனை இடம்பெற்றுள்ளது. கணினி போதவில்லை என்று கூறிப் படிமுறைகளைப் பார்த்தெழுத வைப்பது தீர்வாகாது. ஒரு கட்டத்தாளும் ஐந்து வண்ண வில்லைகளும் போதும். ஒரு மாணவர் ஓடட்டும், நால்வர் பேய்களாகட்டும். விதிப்படியே நகர்த்த வேண்டும், மனம்போல் நகர்த்தலாகாது. பின்னர், '8 கட்டத்தை 4 ஆக்கினால் என்ன நிகழும்?' என்று வினவுங்கள். அவ்விடத்தில்தான் சிந்தனை பிறக்கிறது.

'நெருங்கினால் விலகு, இல்லையேல் துரத்து.' நிரலின் அடிப்படை இத்தமிழ்த் தொடரிலேயே அடங்கியுள்ளது. தமிழ்ப்பள்ளியில் பயின்றால் தொழில்நுட்பத்தில் பின்தங்க நேருமோ எனத் தயங்கும் பெற்றோர் இங்கு மாசாயிலும் உள்ளனர். தாய்மொழியில் தெளிந்த சிந்தனைக்கு நிரல்மொழி எளிதில் வசப்படும் என்பதை அவர்களுக்கு நாம்தான் செய்துகாட்ட வேண்டும்.

பெற்றோர்களே, நாள் முழுதும் கைப்பேசியைக் கொடுங்கள் என்று நான் கூறவில்லை. கொடுக்கும் அந்த அரைமணி நேரத்தில் அருகில் அமர்ந்து, "அந்தப் பேய் ஏன் இப்பக்கம் திரும்பியது?" என்று ஒருமுறை கேளுங்கள்.

வகுப்பில் செய்துபார்த்த ஆசிரியர்கள் தங்கள் பட்டறிவை எழுதுங்களேன்.